பட்டாணி அம்மா

ஏப்ரல் 20, ஞாயிறு

அறிவியல் டீச்சர் விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஏதாவது ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்து, பள்ளி திறக்கும்வரை கவனித்து, தேதி போட்டு எழுதிவர வேண்டும். "கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. நீங்களா நினைச்சுக்கறத எழுதாதீங்க" என்றார். வகுப்பில் பாதிப் பேர் வெந்தயத்தை முளைக்க வைக்கப் போகிறார்கள். ஒருத்தி பல்லியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பல்லியின் சம்மதத்தை எப்படி வாங்கினாள் என்று தெரியவில்லை.

நான் எங்கள் பட்டாணியை எடுத்துக்கொண்டேன். பட்டாணி நாட்டு நாய், ஆண். செம்பழுப்பு நிறம், நெற்றியில் மட்டும் கறுப்பு. நாங்கள் ஈரோட்டில் இருந்தபோது ஒரு மழை நாளில் அப்பா கடை வாசலிலிருந்து கூட்டிவந்தார். அப்போதே வளர்ந்த நாய். வந்த அன்றே, அம்மா உரித்து வைத்திருந்த பச்சைப் பட்டாணியில் பாதியைத் தின்றுவிட்டதால் இந்தப் பெயர்.

ஜனவரியில் நானும் அம்மாவும் பட்டாணியும் கோயம்புத்தூருக்கு, இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அப்பா ஈரோட்டிலேயே இருக்கிறார். கடை இருக்கிறது அல்லவா.

என் ஆய்வின் கேள்வி: நாய்ப் பூங்காவுக்குப் போனால் நாய் மற்ற நாய்களோடு பழகக் கற்றுக்கொள்ளுமா?

ஏப்ரல் 21, திங்கள்

எங்கள் வளாகத்தில் சறுக்குமரத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, நாய்ப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே சிமென்ட் பெஞ்சுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, பாதி புதைத்த பழைய டயர்கள். தினம் மாலையில் திறப்பார்கள். நாய்களைக் கயிறில்லாமல் அங்கே மட்டும்தான் விடலாம்.

போன வாரம் பட்டாணி லிஃப்ட்டில் ஒரு நாயைப் பார்த்து உறுமினான். அதிலிருந்து அம்மா ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். "இங்க வந்து இத்தன மாசமாச்சு. யாரோடயும் சேராம வீட்டுக்குள்ளயே கெடந்தா இப்பிடித்தான் ஆகும். நாலு பேரோட பழகுனாத்தான் சரியாவான்."

அதனால் இன்று போனோம். உள்ளே மூன்று நாய்கள். ராக்கி ஒரு பெரிய லாப்ரடார். குயீனி வெள்ளைப் பஞ்சுமூட்டை. முடிக்குள் எங்கோ கண்கள் இருக்கின்றன. புல்லட் ஒரு பக் நாய். ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கிறது, மூச்சு மட்டும் மோட்டார் சைக்கிள் மாதிரி சத்தம் போடுகிறது.

கயிற்றை அவிழ்த்ததும் மூன்றும் ஓடிவந்து பட்டாணியைச் சுற்றி முகர்ந்தன. பட்டாணி வாலைக் காலிடுக்கில் இடுக்கிக்கொண்டான். பிறகு மல்லாந்து படுத்தான்.

"அட, வந்தவொடனே கொஞ்சறத பாருங்க!" என்று ராக்கியின் வீட்டுக்காரம்மா கைதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்.

மல்லாந்து படுத்தான் என்பது பார்த்தது. கொஞ்சினான் என்பது நினைத்தது. டீச்சர் சொன்ன வித்தியாசம் இப்போதுதான் புரிகிறது.

ஏப்ரல் 23, புதன்

பூங்காவில் ஒரு வினோதமான வழக்கம் இருக்கிறது. அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. ராக்கி அம்மா, குயீனி அம்மா, புல்லட் அண்ணா. அம்மா போன முதல் நாளே 'பட்டாணி அம்மா' ஆகிவிட்டாள். ராக்கி அம்மா போனில் அம்மாவின் நம்பரைக்கூட அந்தப் பெயரில்தான் பதிந்துகொண்டார். நான் 'பட்டாணி அக்கா'. பட்டாணி என்னைவிட வயதில் மூத்தவனாகக்கூட இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

"பட்டாணி அம்மா, உங்க பையன் என்ன சாப்புடுவான்?" என்று கேட்டார் ராக்கி அம்மா.

"தயிர் சோறுங்க. மட்டன் போட்டா முகர்ந்து பாத்துட்டு என்னயப் பாப்பான். தப்பா போட்டுட்டேன்னு நினைப்பாம் போல."

"இவனெல்லாம் அப்பிடியில்லீங்க. போன வாரம் எங்கூட்டுக்காரர் செருப்பத் தின்னுட்டான். அதும் இடது கால் மட்டும். இப்ப அவரு கோயிலுக்குப் போற மாதிரி வெறுங்காலோட ஆபீஸ் போறாரு."

வேறு எங்கேயும் இப்படி இல்லை. லிஃப்ட்டில் ஏறினால் முதல் கேள்வி எந்த வீடு, இரண்டாவது கேள்வி வீட்டுக்காரர் என்ன பண்றார். பிப்ரவரியில் ஒரு தடவை அம்மா, "ஈரோட்டுல கடைங்க, வாராவாரம் வந்துட்டுப் போவாரு" என்றாள். அப்பா வாராவாரம் வருவதில்லை. அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் படியில்தான் ஏறுகிறாள். மூட்டுக்கு நல்லதாம்.

இது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாதது.

ஏப்ரல் 25, வெள்ளி

அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இன்று லீவு போட்டுவிட்டு விடிகாலையில் ஈரோடு போனாள். மதியம் திரும்பினாள். தோசை ஊற்றித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். பால்கனியில் நின்று சித்தியிடம் போனில், "முடிஞ்சிருச்சு. ம். கையெழுத்துப் போட்டாச்சு. இல்ல, அழுவல" என்றாள். பிறகு துணி மடித்தாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

பூங்கா திறக்கும் நேரம் வந்ததும் எழுந்து முகம் கழுவினாள்.

"இன்னிக்கு வேண்டாமேம்மா" என்றேன்.

"அவன் எதிர்பாத்துட்டு இருப்பாண்டி" என்றாள்.

பட்டாணி அப்போது என் மேஜைக்கு அடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

பூங்காவில் இன்று புல்லட், தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, ஏற முடியாமல், ஒன்றும் நடக்காததுபோல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "குளியல் நடக்குதுங்க, யாரும் உள்ள வராதீங்க" என்றார் ராக்கி அம்மா. அம்மா சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கிளை நூலகத்தில் நாய்களைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவர் எழுதிய புத்தகம் கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தாலும் உள்ளே எல்லாப் பக்கமும் இருக்கிறது. இரண்டு தடவை படித்துவிட்டேன்.

நாய் பிறந்த முதல் மூன்று மாதங்களில்தான் உலகத்தைப் பழகிக்கொள்கிறதாம். அப்போது பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் அதற்குச் சொந்தம் மாதிரி ஆகிவிடுமாம். அதற்குப் பிறகும் பழகலாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, தூரத்திலிருந்து, அதற்கு விருப்பமான அளவில்தான். ஒரேயடியாகக் கூட்டத்துக்குள் விட்டால் பழகாது, பயப்படத்தான் கற்றுக்கொள்ளும்.

நாய் பயத்தைச் சொல்லும் வழிகளையும் அதில் எழுதியிருக்கிறார். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது. பசியில்லாமலே உதட்டை நக்குவது. தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது. நனையாமலே உடம்பை உதறுவது. மல்லாந்து படுப்பது, ஆனால் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருப்பது.

மாலையில் பூங்காவில் கவனித்தேன். பட்டாணி இவை எல்லாவற்றையும் செய்தான். கொட்டாவி விட்டபோது குயீனி அம்மா, "பாவம், மத்தியானம் தூங்கல போல" என்றார்.

அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டலாம் என்று கொண்டுபோயிருந்தேன். ராக்கி அம்மா அவளுக்குக் கீரைத் தண்டு சாம்பார் வைக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

மதியம் பட்டாணி வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டேன். அம்மா வேலையிலிருந்து களைத்து வருவாள், எதற்குச் சொல்வது.

மே 2, வெள்ளி

அம்மா ஒப்புட்டு செய்தாள். தேங்காய் ஒப்புட்டு, நெய் தடவி, வாழை இலையில் சுற்றிப் பூங்காவுக்குக் கொண்டுபோனாள். கோயம்புத்தூர் வந்ததிலிருந்து இனிப்பு செய்தது இதுதான் முதல் தடவை. புல்லட் அண்ணா கணினிக் கம்பெனியில் வேலை செய்கிறவர், தனியாக இருக்கிறார். "ஹோட்டல்ல தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சுங்க்கா" என்று மூன்றை வாங்கிக்கொண்டார். ராக்கி அம்மா மெல்லும்போதே கண்ணை மூடிக்கொண்டார்.

"பட்டாணி அம்மா, நீங்க ஒறம்பரையா, சொந்தமா இருந்திருந்தா நான் இந்நேரம் உங்கூட்டுலயே குடி வந்திருப்பேன்."

அந்த நேரம் முழுவதும் பட்டாணி பெஞ்சுக்கடியில், அம்மாவின் காலுக்குப் பின்னால் இருந்தான். அம்மா அவ்வப்போது குனிந்து, "எங்கூடவே ஒட்டிக்குவான், அவ்வளவு பாசம்" என்று தடவினாள். தடவும்போது அவன் உடம்பு நடுங்கியதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. பேசிக்கொண்டே தடவினாள்.

மே 5, திங்கள்

இப்போது கயிற்றை எடுத்த சத்தம் கேட்டாலே பட்டாணி கட்டிலுக்கடியில் போய்விடுகிறான். அம்மா உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது நான் தரையில் படுத்து, பிஸ்கட்டைக் காட்டி வெளியே வரவழைக்கிறேன். முதலில் மூக்கு வரும். பிறகு ஒரு கால். பிறகு என் முகத்தைப் பார்ப்பான். பிறகு வருவான்.

நான் கூப்பிடுவதால் வருகிறான்.

மதியம் மறுபடி வாந்தி. துடைத்தேன். பினாயில் வாசனை போக ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

மே 7, புதன்

ஆய்வு நடுநிலையாக இருக்க வேண்டும். அதனால் இன்று மற்ற நாய்களை மட்டும் கவனித்தேன்.

ராக்கிக்குப் பூங்காதான் சொர்க்கம். கேட்டுக்கு வெளியிலேயே குதிக்க ஆரம்பித்துவிடுகிறது. குயீனியும் புல்லட்டும் ஒன்றை ஒன்று பார்த்ததும் முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்புறத்தைத் தூக்குகின்றன. விளையாடலாமா என்று நாய் கேட்கும் விதம் அதுவாம். ஒன்று துரத்தும், பிறகு மற்றது துரத்தும். முறை மாறி மாறி வருகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே நாய்ப் பூங்கா கெட்டது என்று எழுதிவிட முடியாது.

ராக்கி கெட்ட நாயும் இல்லை. பட்டாணியை அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் ஓயாமல் அவன்மேல் ஏறுகிறது. வேண்டாம் என்று பட்டாணி சொல்வது அதற்குக் காதில் விழுவதில்லை.

புல்லட் அண்ணாவிடம் கேட்டேன்: "அண்ணா, ஒரு நாய்க்குப் புடிக்கலைன்னா என்ன பண்ணறது?"

"அதுங்களே பேசித் தீர்த்துக்கும்மா. நாம நடுவுல போகக் கூடாது."

"ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியலைன்னா?"

"அட, பட்டாணி அக்கா வக்கீலுக்குப் படிக்கப் போறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா பெருமையோடு, "கேள்வி கேட்டே கொல்லுவாங்க, வீட்டுலயும் இப்பிடித்தான்" என்றாள்.

வீட்டில் நான் கேள்வி கேட்பதே இல்லை.

மே 10, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பட்டாணி வழக்கம்போல் பெஞ்சுக்கடியில் இருந்தான். அம்மா அவனைக் காலால் மெதுவாகத் தள்ளி, "போடா, போய் வெளையாடு, எத்தன நாளைக்கு இப்பிடியே ஒளிஞ்சுக்குவ" என்றாள். அப்போது புல்லட் அண்ணா எறிந்த பந்து உருண்டு பெஞ்சுக்கடியில் போனது. ராக்கி அதன் பின்னால் பாய்ந்தது. பெஞ்சுக்குப் பின்னால் கம்பி வலை, முன்னால் ராக்கி. பட்டாணிக்குப் போக இடமில்லை.

அவன் தலையைத் திருப்பினான். உதட்டை நக்கினான். உறுமினான். ராக்கி பந்தை விட்டுவிட்டு ஒரு காலைத் தூக்கி அவன் கழுத்தின்மேல் போட்டது, விளையாட்டாகத்தான். "யாராச்சும் ராக்கிய இழுங்க" என்று நான் கத்தினேன். "விடுங்க, அதுங்களே பாத்துக்கும்" என்று புல்லட் அண்ணா சொல்லி முடிக்கவில்லை. பட்டாணி கடித்துவிட்டான்.

ராக்கியின் காது நுனி கிழிந்தது. அது வலியில் தலையை உதறியபோது பெஞ்சு, மண், அம்மாவின் சேலை எல்லா இடத்திலும் ரத்தம் தெறித்தது. குயீனி அம்மா குயீனியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். "தெருநாயக் கூட்டியாந்து உள்ள விட்டா இப்பிடித்தான் ஆகும்" என்று வலைக்கு வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள். ராக்கி அம்மா தன் துண்டால் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று ராக்கியிடம் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

அம்மா பட்டாணியை அடித்தாள். இதுவரை அவள் அவனை அடித்ததே இல்லை. பட்டாணி நகராமல் வாங்கிக்கொண்டான்.

மே 11, ஞாயிறு

அம்மா காலையில் எழுந்ததும் ராக்கி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். தலை வாரி, பழம் வாங்கி வைத்து, வாசல்வரை போனாள். பிறகு நின்றாள். எந்த வீடு என்று தெரியாது. ராக்கி அம்மாவின் பெயரும் தெரியாது. போன் செய்தாள், எடுக்கவில்லை.

"இத்தன நாளா பக்கத்துல உக்காந்து பேசியிருக்கேன்" என்றாள். பழத்தை மேஜைமேல் வைத்தாள்.

மாலையில், "நாளைக்கே மறுபடி கூட்டிட்டுப் போவணும். விட்டா பயம் ஒட்டிக்கும். பழகித்தான் ஆவணும் தாரு, எல்லாரும் பழகித்தான் ஆவணும்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மே 12, திங்கள்

இன்று அம்மா அரை நாளில் வந்துவிட்டாள். நான் கதவுச் சத்தத்தைக் கேட்கவில்லை. தரைத் துணியும் கையுமாகக் கட்டிலருகே மண்டியிட்டிருந்தேன்.

"என்னடி இது?"

"வாந்தி."

"யாரு, பட்டாணியா? எப்பருந்து?"

நான் துணியைப் பிழிந்தேன்.

"தாரணி. எப்பருந்துன்னு கேக்கறேன்."

அம்மா முழுப் பெயரைச் சொன்னால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். "பார்க்குக்குப் போக ஆரம்பிச்சு ஒரு வாரத்துலருந்து. கயித்த எடுத்தா கட்டிலுக்கடில போயிருவான். நான்தான் பிஸ்கட் காட்டிக் கூட்டியாருவேன். அவனுக்கு அங்க நெம்பப் பயம்மா. அவன் உங்கால்கிட்ட உக்காந்தது பாசத்துல இல்ல. ஒளியறதுக்கு."

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ போக மாட்டியே."

"நான் போகலீனா என்ன?"

"நீ அங்க மட்டுந்தான் சிரிக்கற."

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

அம்மா பையைத் தோளில் மாட்டியபடியே தரையில் உட்கார்ந்தாள். ஈரத்தில் உட்கார்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கையைக் கட்டிலுக்கடியில் நீட்டினாள். அதே கைதான், அவனை அடித்த கை. பட்டாணி உடனே வரவில்லை. மூக்கை மட்டும் நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தான். அம்மா கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

"இனி வேண்டாம்டா" என்றாள். "உன்னய இனிக் கூட்டிட்டுப் போவல."

மே 14, புதன்

பட்டாணி: வாந்தி இல்லை. தயிர் சோறு முழுவதும் சாப்பிட்டான். கயிற்றை எடுத்தபோது நின்று பார்த்தான், ஓடவில்லை.

அம்மா: பூங்கா நேரத்தில் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு டிவி போட்டாள். சத்தம் வைக்கவில்லை.

மே 16, வெள்ளி

தினம் நானும் பட்டாணியும் பின்கேட் வழியாக வெளியே போய்ச் சோளக்காட்டு ஓரமாக நடக்கிறோம். அவசரமில்லாமல் நடப்பான். ஒவ்வொரு செடியையும் நான் புத்தகம் படிப்பதுபோல் ஊன்றி முகர்வான். சில செடிகளை முதலிலிருந்து மறுபடி படிக்கிறான்.

இன்று எதிரே ஒரு கறுப்பு நாய் வந்தது. யாருடைய நாயும் இல்லை போல. நான் கயிற்றைத் தளர்த்தினேன், புத்தகத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தது. இரண்டும் நேருக்கு நேர் வராமல், அரைவட்டமாகச் சுற்றிவந்து முகர்ந்துகொண்டன. வால்கள் மெதுவாக ஆடின. பிறகு அது தன் வழியில் போனது, இவன் தன் வழியில் வந்தான். அவ்வளவுதான். விளையாட்டு இல்லை, துரத்தல் இல்லை. பட்டாணிக்கு மற்ற நாய்களோடு பழகத் தெரியாது என்று நாங்கள் நினைத்தது தவறு. அவனுக்குத் தெரிந்த பழக்கம் இந்த அளவுதான். இது அவனுக்குப் போதும்.

என் கேள்வியையே மாற்றி எழுத வேண்டும். நாய்ப் பூங்கா நல்லதா என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. எந்த நாய்க்கு, எந்த வயதில், யாரோடு, வேண்டாம் என்றால் வெளியே வர வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும் வைத்தாள்.

மே 18, ஞாயிறு

நடந்துவிட்டுத் திரும்பும்போது பின்கேட்டில் ராக்கி அம்மா நின்றிருந்தார். ராக்கியின் காதில் ஒரு சின்னத் தழும்பு. அது பட்டாணியைப் பார்த்து வாலை ஆட்டியது. பட்டாணி என் பின்னால் வந்தான். ராக்கி அம்மா கயிற்றை இழுத்து அதைத் தள்ளி நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, அம்மா ஏன் வர்றதேயில்ல? உங்கூடு எதுன்னு தெரியாம எத்தன பேர்கிட்டக் கேட்டேன் தெரியுமா? பட்டாணி அம்மா வீடுன்னா, ஏதோ மளிகக் கடையான்னு கேக்கறாங்க."

"அம்மா உங்களுக்குப் போன் பண்ணாங்க, நீங்க எடுக்கல."

"அன்னிக்கு டாக்டர்கிட்ட இருந்தேன். பொறவு கூப்புடலாம்னா, என்னமோ சங்கடமாப் போச்சு. கத்திருந்தாக்கூடப் பரவால்ல, மூஞ்சியத் திருப்பிட்டுப் போனனல்ல? தப்பு இந்த எருமையோடதுந்தான். வரச் சொல்லு கண்ணு. அந்தப் பெஞ்சுல நான் மட்டும் உக்காந்துட்டுச் செவுத்துக்கிட்டப் பேசிட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது.

"பட்டாணியத்தான் இனிக் கூட்டிட்டுப் போவலன்னு சொல்லிட்டேனே."

"பட்டாணிய இல்ல. உன்னய வரச் சொன்னாங்க."

"நாய் இல்லாம நாய் பார்க்குல நான் என்னத்துக்கு?"

"பேசறதுக்கு."

"சிரிப்பாங்கடி." கீரையைத் தள்ளி வைத்தாள். "அவனோட போனா நான் பட்டாணி அம்மா. அவ்வளவுதான், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவன் இல்லாம போனா, நான் யாருன்னு போய் உக்கார்றது?"

இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்கும் என்று தோன்றவில்லை. "நீ போய் உக்காரு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். "புடிக்கலைன்னா எழுந்து வந்துரு. உன்னய யாரும் பிஸ்கட் காட்டிக் கூட்டிட்டுப் போகல."

அம்மா என்னை முறைத்தாள். பிறகு ஒரு கீரைக் காம்பை என்மேல் எறிந்தாள்.

மே 19, திங்கள்

அம்மா போகவில்லை. சேலை மாற்றினாள், போகவில்லை.

மே 20, செவ்வாய்

மதியம் மழை பெய்து ஓய்ந்தது. மாலையில் நான் பட்டாணிக்குக் கயிறு மாட்டும்போது அம்மாவும் செருப்பை மாட்டினாள். மூவரும் சேர்ந்து லிஃப்ட்டில் இறங்கினோம். கீழே வந்ததும் அவள் சறுக்குமரத்துப் பக்கம் திரும்பினாள், நாங்கள் பின்கேட் பக்கம். கையில் ஒன்றும் இல்லாததால், சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வெளியே மண்பாதை பூங்காவின் கம்பி வலையை ஒட்டியே போகிறது. நடுவில் செம்பருத்தி வேலி. பட்டாணிக்கு அங்கே ஒரு கல்லில் ஏதோ முக்கியமான வாசனை கிடைத்தது. நான் வேண்டுமென்றே நிற்கவில்லை. அவன் நின்றதால் நின்றேன்.

"பட்டாணி எங்கீங்க?" என்றது குயீனி அம்மாவின் குரல்.

"அவனுக்கு இங்க ஆவலீங்க. பயந்துக்கறான். எனக்குப் புடிச்சிருக்கு, அதான் நான் மட்டும் வந்தேன்." அம்மா அதை ஒரே மூச்சில் சொன்னாள். வீட்டிலேயே மனப்பாடம் செய்திருப்பாள் என்று நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு, வாங்க உக்காருங்க" என்றார் ராக்கி அம்மா. "அவன் வராம உங்கள எப்பிடிங்க பட்டாணி அம்மான்னு கூப்புடறது? பேரச் சொல்லுங்க."

"சுகந்திங்க."

"நான் பரிமளா. இத்தன நாளா இந்தப் பேரு எனக்கே மறந்து போயிருந்துச்சு."

சிரித்தார்கள். பிறகு குயீனி அம்மா, நல்ல மனதோடுதான், கேட்டுவிட்டார்: "வீட்டுல நீங்களும் பொண்ணும் மட்டுங்களா? அவரு வெளியூருங்களா?"

செம்பருத்தி இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். வலைக்குள் புகுந்து போய், ஈரோட்டில் கடை இருக்கிறது என்று நானே சொல்லிவிடலாம்போல் இருந்தது.

"நாங்க பிரிஞ்சுட்டமுங்க" என்றாள் அம்மா. "போன மாசந்தான் கோர்ட்டுல முடிஞ்சுது."

இலைகளுக்கு நடுவே அம்மாவின் கை மட்டும் தெரிந்தது, மடிமேல். அப்போது ராக்கி எங்கிருந்தோ ஓடிவந்து, சேற்றுக் காலைத் தூக்கி அந்த மடியில் வைத்தது.

"டேய் எருமை! நல்ல சேலைடா அது!" என்று ராக்கி அம்மா, இல்லை, பரிமளா அத்தை, கத்தினார். "தள்ளிவிடுங்க சுகந்தி! கம்முனு உக்காந்திருக்கீங்க?"

"இருக்கட்டுங்க" என்றாள் அம்மா. "தொவச்சாப் போவுது."

"போவாதுங்க, அது செம்மண்ணு. நாளைக்குச் சேலைய எங்கூட்டுக்குக் கொண்டாங்க, நான் எலுமிச்சம்பழம் போட்டு எடுத்துத் தர்றேன். சி பிளாக்கு, ரெண்டாவது மாடி. காப்பி குடிப்பீங்கல்ல?"

அம்மா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கல்லைப் படித்து முடித்துவிட்ட பட்டாணி கயிற்றை இழுத்தான். நான் அவனோடு போனேன். சோளக்காட்டு ஓரம் முழுவதும் ஈர மண் வாசனை. அவனுக்கு இன்று நிறையப் படிக்க இருந்தது.

திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி அம்மாவிடம். கீழே போய் வாங்கிவரலாம். போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தேன். பட்டாணி ஈரக் காலோடு என் பக்கத்தில் சுருண்டு படுத்து, உடனே தூங்கிவிட்டான். விளக்கு வைக்கும் நேரமாகியும் அம்மா வரவில்லை. அவள் மெதுவாகவே வரட்டும் என்று இருவரும் அங்கேயே இருந்தோம்.